பன்னிரண்டு நாற்பது

வேணிக்கு அரசு வேலை கிடைத்த செய்தி வந்தபோது திருமுருகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தால் மனைவியிடமிருந்து ஏழு அழைப்புகள். மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டான்.

"பாப்பா நல்லாத்தான் இருக்குது. எனக்குப் போஸ்டிங் வந்துடுச்சுங்க. ஜூனியர் அசிஸ்டெண்ட். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்" என்றாள் வேணி. சொல்லும்போதே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்து மெஷின்காரன் என்ன ஏது என்று கேட்டபோது, "எங்க வீட்ல கவர்மெண்டு உத்தியோகம்ப்பா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. திருமுருகனின் அப்பா காணை கிராமத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியே காலம் தள்ளியவர். குடும்பத்தில் ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள் திருமுருகன். அரசு உத்தரவில் பெயர் ஏறிய முதல் ஆள் வேணி.

சனிக்கிழமை மாலை இனிப்புப் பெட்டியோடு திண்டிவனம் வந்து இறங்கினான். பதினோரு வருடமாக அதுதான் வழக்கம். வாரம் முழுக்க ஒரகடத்தில் நாலைந்து பேரோடு ஓர் அறை, ஞாயிறு மட்டும் வீடு. அன்று அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து முடித்து, மகள் கலைப்பிரியா விளையாடப் போன பிறகு, வேணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரிதாங்க. மத்தியான ஊசிக்கு இன்னா பண்றது?"

கலைப்பிரியா இரண்டாம் வகுப்புப் படித்தபோது அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. பிள்ளைகளுக்கு வருவது, உடம்பு இன்சுலினைச் சுரக்கவே சுரக்காது. இதற்கு மாத்திரை கிடையாது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அளவு பார்த்து, ஊசி போட வேண்டும். காலையும் இரவும் வீட்டில் ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி பன்னிரண்டு நாற்பதுக்கு. இரண்டு வருடமாக வேணி ஒரு நாள் தவறாமல் அந்த நேரத்துக்குப் போய் நின்றாள். முன்னதாகவே போய்விட்ட நாட்களில் சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்து படித்தாள். அப்படிப் படித்து எழுதிய குரூப் ஃபோர் தேர்வுதான் இப்போது வேலையாக வந்திருந்தது.

"டீச்சருங்க யாராச்சும்?" என்று கேட்டான்.

"சித்ரா டீச்சர் கிட்ட கேட்டுட்டேன். அளவு பாத்துச் சொல்றேன், கூடவே இருந்து பாத்துக்கிறேன், ஊசி மட்டும் என்னால முடியாதும்மா, கையே நடுங்குதுன்னாங்க. அவங்க அவ்ளோ சொன்னதே பெருசு." காலி இனிப்புப் பெட்டியை மடித்தாள். "சேர்றதுக்கு ஒரு மாசம் டைம் இருக்குது. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா…"

"பைத்தியமா உனக்கு?"

"பின்ன இன்னாங்க பண்றது?"

மறுநாள் காலையில் குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"நான் இங்க வந்துடறேன் வேணி."

"இங்க வந்து?"

"வேற வேலை தேடிக்கிறேன்."

"இன்னா வேலை?"

"பன்னண்டு நாப்பதுக்கு என்னை வெளிய விடுற வேலை."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அடுத்த மூன்று வாரம் அவன் தேடியது சரியாக அதைத்தான்.

கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். ஷிப்ட் பொறுப்பாளர் அன்புச்செல்வன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நண்பன், பஸ் ஏற்றிவிட வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியலைன்னா போன் அடி, மாமா. எடம் பாத்து வைக்கிறேன்" என்றான். சொந்தக்காரர்கள் அவ்வளவு இதமாகப் பேசவில்லை. பொண்டாட்டி உத்தியோகத்துக்குப் போகிறாள், இவன் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வந்துவிட்டான் என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தான். அன்று முழுவதும் அது நெஞ்சில் நெருடிக்கொண்டே இருந்தது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். நேர்காணல் செய்த இளைஞர் அவன் காகிதங்களைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "பதினோரு வருஷம் சி.என்.சி. மெஷின். இந்த மாதிரி ஆளுதான் சார் எங்களுக்கு வேணும்." திருமுருகன் மதிய விஷயத்தைச் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்தார். "உள்ள வந்துட்டா ஷிப்ட் முடிஞ்சிதான் சார் கேட்டைத் திறப்பாங்க. நான் ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை என்று திருமுருகனுக்கே தோன்றியது. ஒரு கல்லூரிப் பட்டறையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர். இரும்புக் கடைக்காரர் ஒருவர், "மத்தியானம் நான் சாப்பிடப் போறதுக்குத்தான் கடையில ஆளே வைக்கிறேன்" என்று சிரித்தார்.

கடைசியில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. பைக் சொந்தமாக இருந்தால் போதும். காலையில் மூட்டையை வாங்கிக்கொண்டால் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பது அவன் இஷ்டம். வேணியும் விழுப்புரத்தில் சேர்ந்தாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினாள். முதல் ஒன்பது நாள் எல்லாம் அளந்து வைத்ததுபோல் நடந்தது. பன்னிரண்டரைக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நிற்பான். இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று வேணியிடம் சொன்னான்.

பத்தாவது நாள் ஓமந்தூர்ப் பக்கம் இரண்டு பார்சல் இருந்தது. முடித்துவிட்டுத் திரும்புகையில் பின் சக்கரம் இறங்கியது. மணி பன்னிரண்டு ஐந்து. பஞ்சர் கடை கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. மீதிப் பார்சல்களோடு பைக்கை உருட்டிக்கொண்டே சித்ரா டீச்சருக்கு அடித்தான். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார். இரண்டு வண்டிகளை நிறுத்தக் கை காட்டினான். அவை நிற்காமல் போயின. கால் மணி நேரம் உருட்டிய பிறகு பின்னாலிருந்து ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து தானாகவே நின்றது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்.

"இன்னா தம்பி, பஞ்சரா?"

"ஆமாக்கா. திண்டிவனம் போவணும். ஜல்தியா போவணும். எம் பொண்ணுக்கு ஊசி போடணும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இறங்கி வந்து, பைக்கை வண்டியில் ஏற்ற அவரும் முன் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினார். வண்டி கிளம்பிய பிறகுதான் என்ன ஊசி, எதற்கு என்று விசாரித்தார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது; அதிலேயே அரை மணி நேரம் போனது. "பேஜாரு புடிச்ச ரோடு" என்று திட்டிக்கொண்டே சந்து பொந்தெல்லாம் புகுந்து ஓட்டினார். அவன் டீச்சருக்கு மறுபடி மறுபடி அடித்தான், அவர் எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவன் குதித்தபோது மணி ஒன்று இருபது.

கலைப்பிரியா வகுப்பறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா மூடியபடி இருந்தது. முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் சித்ரா டீச்சர் குளுக்கோஸ் கரைத்த டம்ளரோடு மண்டியிட்டிருந்தார்.

"சர்க்கரை அம்பத்தாறுக்கு எறங்கிடுச்சு சார். காலையில போட்ட ஊசி வேலை செய்யுது, வயித்துல ஒண்ணுமில்ல. போனு ஸ்டாஃப் ரூம்ல கெடந்துச்சு, இப்பதான் கவனிச்சேன். மத்தப் புள்ளைங்க எல்லாம் சாப்பிட்டு எழுந்துடுச்சுங்க. இது மட்டும் டப்பாவைத் தொறக்காம உக்காந்துருக்குது. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல" என்றார்.

திருமுருகன் மகளின் கையைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. "டீச்சர் கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல பாப்பா?"

"நீ வருவேன்னு தெரியும்ப்பா" என்றாள் அவள்.

அதில் கோபமோ குறையோ இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. கால் மணி கழித்து மறுபடி அளவு பார்த்து, அது ஏறிய பிறகு ஊசி போட்டு, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான். இஷ்டம்போல் போகலாம், வரலாம் என்கிற வேலையைத்தான் இத்தனை நாள் நல்ல வேலை என்று நினைத்திருந்தோம் என்று தோன்றியது. அது இவளுக்கு உதவாது. எந்த ஊரில் எந்த ரோட்டில் இருப்போம் என்று தெரியாத வேலை எவ்வளவு சுதந்திரமாக இருந்தால் என்ன? இவளுக்கு வேண்டியது, அப்பா இந்த நேரத்துக்கு வந்தே தீருவான் என்கிற உறுதி.

வெளியே வந்தபோது குட்டியானை அங்கேயே நின்றிருந்தது. அந்த அம்மாள் ஸ்டீயரிங்கில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் போவலையாக்கா?"

"உன் பைக்கு என் வண்டியில இல்ல இருக்குது? பொண்ணு எப்படி இருக்குது?"

பஞ்சர் கடையில் இறக்கிவிடும்போது அவர் பெயர் காந்திமதி என்றும், மயிலம் ரோட்டில் மல்லாட்டை மெஷின் பட்டறை வைத்திருக்கிறார் என்றும் தெரிந்தது.

மறுநாள் மாலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்லப் போனான். தகரக் கூரைப் பட்டறை. செடியிலிருந்து நிலக்கடலைக் காயைப் பிரிக்கும் மல்லாட்டை மெஷின்கள் பாதி பிரித்த நிலையில் வரிசையாக நின்றன. காந்திமதி ஒரு இரும்புத் தண்டை உயர்த்திப் பிடித்து யாரையோ போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். வெளியே கொடுத்துக் கடைந்து வாங்கிய தண்டு, பேரிங்குக்குள் நுழையவில்லை. பட்டறையில் சொந்தமாகக் கடைசல் லேத் இருந்தது. அதை ஓட்டியவர் திருப்பூருக்குப் போய் ஆறு மாதமாகிவிட்டதாம்.

"நான் பாக்கட்டுமாக்கா?"

"உனக்கு லேத் தெரியுமா? பார்சல் குடுக்கறவன்னு இல்ல நெனச்சேன்."

தெரியும் என்று சொல்லிவிட்டானே தவிர, கையால் ஓட்டும் லேத்தை அவன் தொட்டு ஐ.டி.ஐ. நாட்களுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. ஒரகடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் போதும். தண்டை மாட்டி, மையம் பார்த்து, பயந்து பயந்து முடி அளவுக்கு முடி அளவு சீவினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேரிங்கை எடுத்து வைத்துத் தள்ளியபோது அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. காந்திமதி தண்டைச் சுழற்றிப் பார்த்தார், இரண்டு தரம்.

"மெதுவாத்தான் பண்ற. ஆனா சரியாப் பண்ற. வேலைக்கு வர்றியா?"

அவன் எங்கே போனாலும் கடைசியில் சொல்கிற விஷயத்தை இங்கே முதலில் சொன்னான். "பன்னண்டரைக்குப் பள்ளிக்கூடம் போவணும்க்கா. ஒரு நாள் விடாம."

"நேத்துதான் பாத்தனே, திரும்பச் சொல்லணுமா? பன்னண்டேகாலுக்கே கெளம்பு, ரெண்டுக்கு வா. அந்த நேரத்தைச் சாயந்தரம் வேலை பாத்துக் குடுத்துடு." வாழைப்பழம் ஒன்றைப் பிய்த்து அவனிடம் நீட்டினார். "என் பக்கமும் ஒரு கண்டிஷன் கீது. சீசன்ல மெஷின் கடலைக் கொல்லையில நின்னு போச்சுன்னா ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம வரணும். முப்பது பேரு வேலையத்து உக்காந்துருப்பாங்க. அப்புறம் சம்பளம். நீ ஒரகடத்துல வாங்குனதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் என்னால முடியும். வீட்ல கேட்டுக்கினு வா."

வீட்டில் கேட்டான். வேணி சம்பளத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பட்டறையிலேர்ந்து பள்ளிக்கூடம் எவ்ளோ தூரம்?" என்றாள். எட்டு நிமிஷம் என்றான். "சேந்துடுங்க" என்றாள்.

பன்னிரண்டேகாலுக்குக் கையை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவது பழகிப்போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அவன் பழகிப்போனான். யார் வீட்டில் தினமும் புளிச்சோறு, யார் முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளிவிடும் என்பதெல்லாம் தெரிந்தது. தன் மகள் ஓயாமல் பேசுகிறவள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. போனில் அவள், சாப்பிட்டேன், படித்தேன் என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். ஒரு நாள் சித்ரா டீச்சர், அந்தப் பஞ்சர் நாளிலிருந்து தன் மேசை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் வைத்திருப்பதைத் திறந்து காட்டினார். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கும்பிட்டான். "அட போங்க சார்" என்று அவர் வெட்கப்பட்டார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மண்டகப்பட்டிலிருந்து போன் வந்தது. மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள், மெஷின் நின்றுவிட்டது. வேணிக்கு உடம்புக்கு முடியாமல் இருந்ததால் கலைப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு போனான். கடலை வயல் ஓரத்தில் வேலையாட்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டான். அவர்களில் பூமாலை என்கிற பெண் பச்சை மல்லாட்டை ஒரு கை அள்ளிக் கலைப்பிரியாவிடம் நீட்டினாள்.

"ப்பா, எத்தினி துன்னலாம்?" என்று குரல் கொடுத்தாள் பிள்ளை.

"பதினஞ்சு."

"இன்னாடீ கணக்கு இது?" என்று பூமாலை கேட்க, கலைப்பிரியா தன் நோயைப் பற்றி, ஊசியைப் பற்றி, எது சாப்பிட்டால் எவ்வளவு ஏறும் என்பதைப் பற்றி, மேடையில் பேசுகிறவள் மாதிரி எடுத்துவிட்டாள். அடியில் கிடந்த திருமுருகன் ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் ஐயோ பாவம், பொம்பளப் பிள்ளைக்கா என்று ஆரம்பிப்பார்கள். பூமாலை அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"பதினஞ்சுதானா? அப்ப இரு, பெரிய பெரிய காயாப் பொறுக்கித் தர்றேன்" என்று குவியல் பக்கம் போனாள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியபோது உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஓவென்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். பதினோரு வருடம் அவன் ஒரே அளவில் ஒரே பொருளைச் செய்தவன். அது எந்தக் காரில் எந்த மூலையில் போய் உட்கார்ந்தது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தான் சரிசெய்த ஒன்று ஓடுவதையும், அதனால் முப்பது பேர் அன்றையக் கூலியோடு வீடு போவதையும் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

ஜூன் மாதம் கலைப்பிரியா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அவளைப் பார்த்துவரும் புதுச்சேரி டாக்டர், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் பிள்ளையே ஊசி போட்டுப் பழகலாம் என்றிருந்தார். வீட்டில் வேணி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் அவன் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது.

"நூத்தி முப்பத்திரெண்டு. அஞ்சு யூனிட்டு. நானே போட்டுக்கினேன். டீச்சர் பாத்துக்கினுதான் இருந்தாங்க" என்றாள் கலைப்பிரியா. சித்ரா டீச்சர் தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ப்பா, இனிமே நீ தெனமும் வர வேணாம்."

அவளைத் தூக்கிச் சுற்றினான். டீச்சருக்கு மறுபடி கும்பிடு போட்டான். பட்டறைக்குத் திரும்பும் வழியில்தான் அவனுக்கே சிரிப்பு வந்தது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் மாதிரி ஒரு வெறுமை. அவன் இதுவரை பார்த்த வேலைகளிலேயே நல்ல வேலை அந்த மதிய வேலைதான்.

சொல்லிவைத்ததுபோல் அதே வாரம் அன்புச்செல்வன் போன் செய்தான். கம்பெனியில் புதிதாக ஒரு பிரிவு திறக்கிறார்கள். லைன் லீடர் வேண்டும். "உன் பேரைச் சொல்லிட்டேன், மாமா. பழைய சம்பளத்தை விட ஒண்ணரை மடங்கு. ஒரு நடை வந்து மேனேஜரைப் பாரு."

வேணியிடம் சொன்னான். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இவ்ளோ நாளு பாப்பாவுக்காக இங்க இருந்தீங்க. இப்ப அவ தேறிட்டா. உங்களுக்கு இன்னா வேணுமோ அதைப் பாருங்க. போனா நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இருந்தாலும் சந்தோஷம்தான். போய்ப் பாத்துட்டு வந்து முடிவு பண்ணுங்க."

போனான். புது மெஷின்கள் கண்ணாடி மாதிரி மின்னின. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார். வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அக்கறையாக விசாரித்தார். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு காரணம்கூட அங்கே கிடைக்கவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

மதுராந்தகம் தாண்டும்போது, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. இதுவரை அவன் யாரிடமும் சொல்லாதது. அன்று வழக்கம்போல் வாரக் களைப்பில் படுத்துக் கிடந்தான். கலைப்பிரியா அவனைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டே இருந்தாள். ஏழெட்டுத் தரம் இருக்கும். "இன்னா பாப்பா, ஏரியையே குடிச்சுடுவ போலக்குது" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். அதற்கு நான்காம் நாள் பிள்ளை மயங்கி விழுந்தாள். தினமும் கூட இருந்தவனாயிருந்தால் இது புதிதாக இருக்கிறதே என்று கேட்டிருப்பான். வாரம் ஒரு முறை பார்க்கிறவனுக்கு எது புதிது, எது பழையது என்று எப்படித் தெரியும்? வேணி அந்தத் தாகத்தைக் கவனித்து வைத்திருந்தாள். அவள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அதை டாக்டரிடம் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றினாள்.

சம்பளம் எவ்வளவு என்பதும், என்ன பதவி என்பதும் சின்ன விஷயங்கள் என்று அவன் நினைக்கவில்லை. அவை இல்லாத வீட்டில் பிறந்தவன் அவன். வேணியின் சம்பளம் வராமல் இருந்தால் யோசிக்கவே இடமில்லை, இந்நேரம் ஒப்புக்கொண்டிருப்பான். ஆனால் இப்போது யோசிக்க இடம் இருந்தது. தன் வீட்டு மனிதர்களைத் தினமும் பார்க்கிற ஆளாக இருக்கவேண்டும். அதற்கு அடுத்துத்தான் மற்றதெல்லாம். பஸ் திண்டிவனம் வந்து சேரும் முன்பே இது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. மனசு இவ்வளவு லேசாக இருந்து நாளாயிற்று.

இறங்கியதும் அன்புச்செல்வனைக் கூப்பிட்டான்.

"வர்ல மாமா. கோச்சுக்காத. நீ எனக்குப் பண்ணதை மறக்க மாட்டேன்."

"பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ" என்றான் அன்புச்செல்வன். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பெரியவன் எத்தினாவது படிக்கிறான்னு நேத்து ஒருத்தர் கேட்டாரு. ஏழாவதா எட்டாவதான்னு யோசிச்சுக்கினு நின்னேன்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை புள்ளைங்களைக் கூட்டிக்கினு எங்க வூட்டுக்கு வா" என்றான் திருமுருகன்.

பட்டறைக்குப் போய்க் காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே ஒரு போல்ட்டை முடுக்கி முடித்தார்.

"அவங்க குடுக்கறது என்னால முடியாது. தீபாவளிக்கு அப்புறம் கொஞ்சம் ஏத்திப் போடறேன். அவ்ளோதான் சொல்ல முடியும்."

"அதுக்குச் சொல்லலக்கா. மத்தியானம் இனி நான் தெனமும் போவ வேணாம். அந்த நேரம் வேலை பாக்கறேன். சாயந்தரம் அஞ்சுக்கெல்லாம் விட்டுடுவீங்களா?"

"அஞ்சுக்கு விட்டா இன்னா பண்ணுவ?"

"ஸ்டேஷனுக்குப் போயி வேணியைக் கூட்டிக்கினு வருவேன்."

காந்திமதி ஸ்பேனரால் வாசலைக் காட்டினார். "இன்னிக்கே போ."

வீட்டுக்குப் போய்க் கலைப்பிரியாவை அழைத்துக்கொண்டு ரயில் நிலையம் போனபோது விழுப்புரம் வண்டி வந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு இறங்கிய வேணி அவர்கள் இருவரையும் எதிர்பார்க்கவில்லை. பயந்துபோய் வேகமாக வந்தாள்.

"இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆவல. சும்மாதான் வந்தோம்" என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "வர்லன்னு சொல்லிட்டேன்."

அவள் நடையை நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பரிச்சை எழுதலைன்னா நான் இன்னும் அங்கதான் வேணி இருந்துருப்பேன். வாரத்துக்கு ஒரு நாளு வந்து தூங்கிட்டுப் போயிருப்பேன். உனக்கு வேலை கிடைச்சுதுன்னு ஊரே சொல்லுது. நெசமா கிடைச்சது எனக்குத்தான்."

வேணி வாய்க்குள் ஏதோ சொன்னாள். பின்னால் கிளம்பிய ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் ஓடிய கலைப்பிரியா படிக்கட்டு அருகில் நின்று, "ஜல்தி வாங்க, எனக்குப் பசிக்குது" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.